பில் குறுக்கே விழுகிறதா? லேண்ட்ஸ்கேப் பிரிண்டில் செய்யக் கூடாத தவறுகள்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக் கடையோ, மண்ணடி இரும்புக் கடையோ, பில் பிரிண்டரில் வரும் தகராறு பெரும்பாலும் ஒன்றுதான்: பேப்பர் அளவையும் அச்சு விழும் திசையையும் ஒன்றாக நினைத்துக்கொள்வது. அகலம், உயரம் என்பது பேப்பர் மெஷினுக்குள் எப்படி நுழைகிறதோ அதைப் பொறுத்தது. லேண்ட்ஸ்கேப் என்பது அந்தப் பேப்பரின் மேல் எழுத்தை 90 டிகிரி திருப்பச் சொல்லும் கட்டளை.

முதலில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். ஆண்டர்சன் தெருவில் அதற்கு வாங்கி வரும் 10×12 அங்குல ஓட்டைப் பேப்பர் (இரு ஓரமும் ஓட்டை உள்ள தொடர் பேப்பர்), நடுவில் கிழித்தால் 10×6 பில். கண்ணுக்குப் படுக்கையாகத் தெரிவதால் உடனே லேண்ட்ஸ்கேப் கொடுத்துவிடுகிறார்கள். கொடுக்கக் கூடாது. பேப்பர் 10 அங்குல அகலத்தில்தான் உள்ளே போகிறது. அதற்கு எழுத்தைத் திருப்பாத போர்ட்ரெயிட்தான் சரி. லேண்ட்ஸ்கேப் கொடுத்தால் பில் பக்கவாட்டில் திரும்பி, பாதி அடுத்த தாளில் விழும்.

சரியான வழி: விண்டோஸில் பிரிண்ட் சர்வர் ப்ராபர்டீஸ் திறந்து, 'கிரியேட் எ நியூ ஃபார்ம்' (ஃபார்ம் என்றால் பேப்பர் அளவு) டிக் செய்து, அகலம் 10, உயரம் 6 என்று கொடுத்து, 'ஹாஃப் பில்' போல ஒரு பெயர் வைத்து சேவ் செய்யுங்கள். அட்மின் உரிமை வேண்டும். பிறகு பிரிண்டரின் பேப்பர் சைஸில் அதைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் காணவில்லை என்றால், அந்த மெஷின் அவ்வளவு அகலத்தை ஏற்காது என்று அர்த்தம். ஏ4 லேசரில் 10 அங்குலத்தைத் தேடிப் பயனில்லை.

புது ஃபார்ம் போட சோம்பல்பட்டு, 'கிட்டத்தட்ட அதே அளவுதானே' என்று ஏ5 தாளின் குறுகிய பக்கமான 148 மி.மீ.யையே உயரமாக வைத்து ஓட்டுவது அடுத்த தவறு. 148 மி.மீ. என்பது 5.83 அங்குலம். ஒவ்வொரு பில்லிலும் 0.17 அங்குலம் குறையும். முதல் பில் கச்சிதமாக இருக்கும். மூன்றாவதில் கடைப் பெயர் கிழிக்கும் கோட்டைத் தொடும். ஆறு பில் தாண்டினால் ஒரு அங்குலம் மேலேறி, முந்தைய கஸ்டமரின் கூட்டுத்தொகைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும். உடனே ஸ்விட்ச் ஆனில் இருக்கும்போதே பக்கத்துக் குமிழைக் கையால் திருகுவார்கள். அதில் பல்சக்கரம் தேயும், பக்கத்தின் தொடக்கமும் கலையும். ஸ்கேல் தேட வேண்டாம்: ஓட்டைகள் அரை அங்குல இடைவெளியில் இருக்கும், 12 ஓட்டை என்றால் 6 அங்குலம்.

பேப்பர் 10 அங்குலமானாலும் 80 காலம் (வரிக்கு 80 எழுத்து) பிரிண்டர் அச்சடிப்பது 8 அங்குலம்தான். வலது ஓரத்தில் ஜிஎஸ்டி தொகை வெட்டுப்பட்டால் லேண்ட்ஸ்கேப் தேடாதீர்கள். 'கண்டென்ஸ்டு' என்னும் ஒடுங்கிய எழுத்துக்கு மாறுங்கள்; வரிக்கு 80 எழுத்து போன இடத்தில் 137 போகும்.

லேசரில் கதை வேறு. ஏ5 தாள் பெரும்பாலும் குறுகிய பக்கம் முன்னால் நுழையும். அங்கே 148×210 ஃபார்ம், லேண்ட்ஸ்கேப் இரண்டும் வேண்டும். பில்லிங் சாஃப்ட்வேரிலும் டிரைவரிலும் இரண்டு இடத்தில் திருப்பினால் பில் மறுபடி குறுக்கே போகும். ஒரே இடத்தில் மட்டும் திருப்புங்கள். தாளைக் குறுக்காக வைத்துவிட்டு செட்டிங்கை அப்படியே விட்டால், மெஷின் நீளம் பொருந்தவில்லை என்று ஜாம் காட்டும்.

வெளிநாட்டு பார்ட்டி அனுப்பும் ஷிப்பிங் ஃபைல்கள் 'லெட்டர்' என்னும் அமெரிக்கத் தாள் அளவில் இருக்கும். லேண்ட்ஸ்கேப்பில் அதன் உயரம் 216 மி.மீ., நம் ஏ4 தாளுக்கு 210தான். 'ஆக்சுவல் சைஸ்' விட்டால் மேலும் கீழும் வெட்டுப்படும், 'ஃபிட்' கொடுங்கள். லேண்ட்ஸ்கேப்பில் இருபக்கமும் அடித்து இடது ஓரத்தில் பின் அடிப்பதானால் 'ஃபிளிப் ஆன் ஷார்ட் எட்ஜ்' கொடுங்கள். எக்செலில் அகலம் 1 பக்கம் கொடுத்து, உயரக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். அதிலும் 1 போட்டால் எறும்பு எழுத்துதான் வரும்.

எல்லாம் மாற்றிய பிறகும் அடுத்த யூசர் லாகின் செய்தால் பழையபடியே வருகிறதா? 'பிரிண்டிங் பிரிஃபரன்சஸ்' உங்கள் லாகினுக்கு மட்டும். எல்லோருக்கும் மாற வேண்டுமானால் அட்வான்ஸ்டு டேபில் உள்ள 'பிரிண்டிங் டிஃபால்ட்ஸ்' உள்ளே மாற்ற வேண்டும். சில பில்லிங் சாஃப்ட்வேர் பழைய அளவைத் தனியாகச் சேமித்து வைத்திருக்கும். அதற்குள்ளும் போய்ப் பிரிண்டரை ஒருமுறை மறுபடி தேர்ந்தெடுங்கள்.