பந்துக் காளான்: கத்தியால் அறுத்து அடையாளம் காணும் முறை

இங்கே சொல்வது ராட்சதப் பந்துக் காளான் (giant puffball) பற்றி மட்டும். இங்கிலாந்திலும் கனடாவிலும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை கிடைக்கும். முட்டை அளவுக் குட்டி வகைகளில் ஆளைக் கொல்லும் காளானின் மொட்டும் கலந்திருக்கலாம். புதிதாகத் தேடுபவர்கள் அவற்றைத் தொடாமலிருப்பதே நல்லது.

1. மழைக்குப் பிறகு மேய்ச்சல் நிலம், வேலியோரம், காஞ்சொறிப் புதர்ப் பக்கம் பாருங்கள். காம்போ குடையோ இல்லாமல், வெள்ளையாக, வழவழப்பான தோலுடன் தரையில் உட்கார்ந்திருக்கும். குறுக்களவு 20 செ.மீ.க்கு மேல் இருக்கட்டும். சாலையோரமும் மருந்தடித்த புல்வெளியும் வேண்டாம்.

2. தட்டிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் எடுக்கலாம். அமுங்கினால் முற்றிவிட்டது.

3. உச்சியிலிருந்து அடிவரை நேராக இரண்டாக அறுங்கள். குறுக்கே அறுத்தால் முக்கியமான அடையாளம் தெரியாமல் போகும். உள்ளே பனீர் மாதிரி ஒரே வெள்ளையாக, கோடோ ஓட்டையோ இல்லாமல் இருக்க வேண்டும். குடையும் காம்புமாக ஒரு சின்னக் காளானின் உருவம் மங்கலாகத் தெரிந்தாலும் அது அமனிட்டா எனும் ஆளைக் கொல்லும் காளானின் மொட்டு; தூக்கி எறியுங்கள். அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது. வாந்தி தொடங்கவே 6 மணி நேரத்துக்கு மேல் ஆகலாம், அதற்குள் கல்லீரல் சேதமாகத் தொடங்கியிருக்கும். தடித்த, சொரசொரப்பான பழுப்புத் தோலும் உள்ளே கருஊதா நிறமும் இருந்தால் மண்பந்துக் காளான், வயிற்றைப் புரட்டிவிடும். கொழகொழவென்று ஜெல்லிப் படலம் இருந்தால் நாற்றக் காளானின் முட்டை போன்ற மொட்டு.

4. வெள்ளைதான், ஆனால் நடுவில் லேசான மஞ்சள் என்றால்? அந்தப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டுச் சமைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம், வித்து உருவாகத் தொடங்கிவிட்டது, வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது.

காய்ந்து பழுப்பானதை மிதித்துப் புகை பறக்கவிடுவது பிள்ளைகளுக்குப் பிடித்த விளையாட்டு. புகை போலப் பறக்கும் அந்த வித்துப் பொடி மூக்கில் ஏறக் கூடாது. 1994-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில், பந்துக் காளான் பொடியை உறிஞ்சிய 8 இளைஞர்களுக்கு நுரையீரல் அழற்சி வந்தது.

5. தண்ணீரில் போடாதீர்கள், பஞ்சு போல உறிஞ்சிக்கொள்ளும். ஈரத் துணியால் துடைத்து, தோலை உரித்து, 1 செ.மீ. கனத்தில் துண்டு போடுங்கள். கத்திரிக்காய் போல எண்ணெய் குடிக்கும். அதனால் கல் நன்றாகக் காய்ந்த பிறகு கொஞ்சமாக வெண்ணெய் தடவி இருபுறமும் பொன்னிறமாக வாட்டுங்கள். முதல் தடவை இரண்டு துண்டு போதும். மிச்சத்தை வதக்கி ஃப்ரீசரில் வையுங்கள். பச்சையாக வைத்தால் ஃப்ரிட்ஜிலேயே மஞ்சளாகிவிடும்.