பிரசார் பாரதி பற்றி நாடாளுமன்றம் என்ன பேசியது: தேடிப் படிக்கும் முறை

தூர்தர்ஷனையும் ஆகாசவாணியையும் நடத்தும் அமைப்பு பிரசார் பாரதி. தூர்தர்ஷன் செய்தி ஒரு பக்கம் சாய்கிறது, வானொலி நிலையத்தில் நிகழ்ச்சி தயாரிப்பைக் குறைக்கிறார்கள் என்றெல்லாம் புகார் எழும்போது, அதை நாடாளுமன்றத்தில் யாராவது கேட்டார்களா என்று பார்க்க விரும்புபவர்கள் நேராக அவை விவாதத்தைத்தான் திறப்பார்கள். அங்கே பெரும்பாலும் ஏமாற்றம்தான். இதற்குப் பொறுப்பான தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கை, அதாவது ஆண்டுச் செலவுக்கு அது கேட்கும் பணம், மக்களவையில் தனியாக விவாதிக்கப்படுவது அபூர்வம். பட்ஜெட் கூட்டத்தொடரின் கடைசியில், விவாதத்துக்கு எடுக்காத மற்றக் கோரிக்கைகளோடு சேர்த்து ஒரே மூச்சில் ஓட்டுக்கு விட்டுவிடுவார்கள். இதைத்தான் ‘கில்லட்டின்’ என்கிறார்கள். ஆகவே சரக்கு இருப்பது வேறு இரண்டு இடங்களில்: கேள்விகளுக்கான பதில்களிலும், அமைச்சகங்களின் வேலையை ஆராயும் உறுப்பினர்கள் குழுவான நிலைக்குழுவின் அறிக்கைகளிலும்.

எதைத் திறப்பதற்கு முன்பும் 1990ஆம் ஆண்டு பிரசார் பாரதிச் சட்டத்தில் மூன்று பிரிவுகளைப் படித்துவிடுங்கள். அரை மணி நேரம் போதும். பிரிவு 12 கடமைகளைச் சொல்கிறது: மக்களுக்கு உண்மையான, நடுநிலையான தகவல் தருவது, மாறுபட்ட கருத்துகளுக்கும் இடம் கொடுப்பது, தனக்கென ஒரு கருத்தைத் தூக்கிப்பிடிக்காமல் இருப்பது. பிரிவு 13 மக்களவையிலிருந்து 15 பேரும் மாநிலங்களவையிலிருந்து 7 பேரும் கொண்டு, பிரசார் பாரதியைக் கண்காணிப்பதற்கான 22 பேர் குழுவைப் பற்றியது. பிரிவு 23 நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக ஒன்றை ஒலிபரப்பச் சொல்லவோ, கூடாதென்று தடுக்கவோ ஒன்றிய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அப்படிப் பிறப்பிக்கும் ஒவ்வோர் உத்தரவின் நகலையும் இரு அவைகளிலும் வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. உறுப்பினர் பேசுவது இந்த மூன்றில் எதைப் பற்றி என்று பிடிபடாவிட்டால், பேச்சு முழுக்க வெறும் ஆவேசமாகத்தான் தெரியும்.

சட்டம் 1990இல் நிறைவேறினாலும் நடைமுறைக்கு வந்தது 1997 செப்டம்பரில். அந்த ஆண்டு நவம்பர் 23இல்தான் பிரசார் பாரதி உருவானது. எனவே 1997க்கு முந்தைய பதிவுகளில் அந்தப் பெயரில் தேடினால் மசோதா பற்றிய பேச்சுதான் சிக்கும். நிலையங்களைப் பற்றித் தெரிய ‘தூர்தர்ஷன்’, ‘ஆல் இந்தியா ரேடியோ’, ‘ஆகாசவாணி’ என்று தனித்தனியாகத் தேட வேண்டும். இந்தியில் பேசிய பேச்சுகளுக்குத் தேவநாகரியிலும் தேடிப் பாருங்கள். பழைய விவாதங்கள் அச்சுப் பக்கங்களை ஸ்கேன் செய்தவை. எழுத்துகள் பிசகியிருப்பதால், சொல்லைத் தேடிக் கிடைக்காததை வைத்து ‘பேசவே இல்லை’ என்று முடிவுகட்டக் கூடாது. தேதி தெரிந்தால் அந்த நாளின் உள்ளடக்கப் பட்டியலைத் திறந்து கண்ணால் பாருங்கள்.

இனி கேள்விகள். நாடாளுமன்றத்தின் ‘சன்சத்’ இணையதளத்தில் அவை, அமைச்சகம், தேதி எனச் சலித்தெடுக்கலாம். ஒவ்வோர் அமைச்சகமும் பதில் சொல்ல வாரத்தில் ஒரு நாள் குறிக்கப்பட்டிருக்கும் என்பதால், அந்த நாள் எது என்று ஒரு முறை கண்டுபிடித்துவிட்டால் கூட்டத்தொடர் முழுவதையும் சீக்கிரம் கடந்துவிடலாம். மக்களவையில் ஒரு நாளுக்கு நட்சத்திரக் கேள்விகள் 20, நட்சத்திரமில்லாதவை 230. மாநிலங்களவையில் 15, 160. நட்சத்திரமில்லாதவற்றுக்கு எழுத்தில் மட்டுமே பதில். நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்வார், அதைத் தொடர்ந்து துணைக் கேள்விகளும் வரும்.

பலரும் தவறவிடுவது இந்த இடத்தில்தான். பதில் கோப்பில் துணைக் கேள்விகள் இருக்காது. உறுப்பினர் மடக்கியதும் அமைச்சர் சமாளித்ததும் அன்றைய அவை விவாதப் பதிவில்தான் இருக்கும். ஆகவே நட்சத்திரக் கேள்வி என்றால் இரண்டையும் எடுங்கள். கேள்வி நேரம் முடிவதற்குள் முறை வராத நட்சத்திரக் கேள்விக்கு எழுத்துப் பதிலோடு சரி. அதற்குத் துணைக் கேள்வி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ‘அறிக்கை அவையில் வைக்கப்படுகிறது’ என்று ஒரே வரியில் முடிந்தால் அடுத்த பக்கத்துக்குப் போங்கள், பதில் இணைப்பில் இருக்கிறது.

செய்தி உள்ளடக்கம் பற்றிக் கேட்டால் அடிக்கடி வரும் பதில், ‘பிரசார் பாரதி தன்னாட்சி அமைப்பு, அதை அதுவே தீர்மானிக்கிறது’ என்பது. இதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாமல், எதற்குப் பதில் வரவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். ‘தகவல் திரட்டப்படுகிறது’ என்று வந்தால் இன்னும் நல்லது. அது உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். அரசு உறுதிமொழிகள் குழுவின் ஆவணங்களில் பின்னால் வந்த பதில் கிடைக்கலாம்.

விவாதப் பதிவில் ‘திருத்தப்படாதது’ என்ற குறிப்பு இருந்தால் அதிலிருந்து மேற்கோள் காட்டாமல் திருத்திய பதிப்புக்குக் காத்திருங்கள். அவைத் தலைவர் உத்தரவால் நீக்கிய சொற்கள் இருந்த இடத்தில் நட்சத்திரக் குறிகளோ, பதிவாகவில்லை என்ற குறிப்போ இருக்கும். நேரலையில் காதால் கேட்டதுதானே என்று அந்தச் சொற்களை எடுத்து எழுதுவது ஆபத்து. நீக்கிய பகுதியை வெளியிடுவது அவையின் உரிமையை மீறுவதாகலாம் என்பது 1958இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ‘சர்ச்லைட்’ நாளிதழ் வழக்கிலிருந்தே நிலைத்த ஒன்று. நடவடிக்கைகளைக் கணிசமாக உண்மையாக, தீய நோக்கமின்றி வெளியிடுவோருக்கு அரசியல் சட்டப் பிரிவு 361ஏ தரும் பாதுகாப்பை நம்பி இதில் இறங்க வேண்டாம்.

நிலைக்குழு அறிக்கைதான் உண்மையான விளைநிலம். தகவல் தொடர்பு மற்றும் தகவல் தொழில்நுட்பத்துக்கான நிலைக்குழு தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கைகளை ஆண்டுதோறும் ஆராய்கிறது. மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10 என 31 பேர். பிரிவு 13 சொல்லும் 22 பேர் குழு வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதிய கட்டுரைகளுக்குக் குறைவில்லை. குழுக் கூட்டங்கள் நேரலையில் வருவதில்லை; அறிக்கையின் பின்னிணைப்பில் உள்ள கூட்டக் குறிப்புகளில் யார் வந்து சாட்சியம் சொன்னார்கள் என்பதாவது தெரியும். காலிப் பணியிடங்கள், செலவழிக்காமல் கிடக்கும் பணம் போன்றவற்றை இந்த அறிக்கைகளில் எண்களோடு பார்க்கலாம்.

அதோடு நின்றுவிடாதீர்கள். அரசின் பதிலை வைத்துக் குழு பின்னர் தரும் நடவடிக்கை அறிக்கையையும் எடுங்கள். அதில் ஐந்து அத்தியாயங்கள். இரண்டாவதில் அரசு ஏற்றவை, மூன்றாவதில் குழு மேற்கொண்டு வலியுறுத்த விரும்பாதவை, ஐந்தாவதில் இடைக்காலப் பதில் மட்டும் வந்தவை. நான்காவது, அரசின் பதிலைக் குழு ஏற்காத பரிந்துரைகள். நேரம் குறைவென்றால் அதை மட்டும் படியுங்கள், மோதல் அங்கேதான் இருக்கிறது. அவற்றின் மீது குழு சொன்ன கருத்து முதல் அத்தியாயத்தில் வரும்.

பணக் கணக்கில் ஓர் எச்சரிக்கை. பட்ஜெட் ஆவணத்தில் பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு என்று தனித்தனிப் பத்திகள் இருக்கும், எல்லாம் கோடி ரூபாயில். ஓர் ஆண்டின் மதிப்பீட்டை இன்னோர் ஆண்டின் உண்மைச் செலவோடு ஒப்பிட்டு ‘வெட்டிவிட்டார்கள்’ என்பது வழக்கமான பிழை. பிரசார் பாரதிக்கான உதவித்தொகையையும் கட்டமைப்புத் திட்டப் பணத்தையும் கலக்கக் கூடாது. 2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற, ஒலிபரப்புக் கட்டமைப்பை மேம்படுத்தும் ‘பிண்ட்’ திட்டத்தின் 2,539.61 கோடி ரூபாய் 2025-26 வரைக்குமானது, ஓராண்டுத் தொகையல்ல.

குறிப்பெடுக்கும்போது அவை, தேதி, கேள்வி எண், நட்சத்திரம் உண்டா இல்லையா, பதில் சொன்னவர் என ஐந்தையும் ஒரே வரியில் எழுதிவையுங்கள். கேள்வி எண் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் ஒன்றிலிருந்து தொடங்குவதால், தேதி இல்லாத எண்ணை வைத்துக்கொண்டு திரும்பத் தேடினால் கிடைப்பது வேறொரு அமைச்சகத்தின் பதிலாகத்தான் இருக்கும்.