‘காலைத் தூக்கு’ என்று சொல்லாதீர்கள்

தமிழில் இடுப்பிலிருந்து விரல் நுனி வரை எல்லாமே கால்தான். முள் குத்தினாலும் கால், நீட்டிப் படுத்தாலும் கால். மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள பிள்ளையை மேசை விளிம்பில் உட்காரவைத்து, கணுக்காலைச் சோதிக்க நினைத்துக்கொண்டு “காலைத் தூக்கு” என்கிறோம். பிள்ளை தொடையோடு சேர்த்துத் தூக்குகிறது. கணுக்காலுக்குச் சுழியம் போட்டுவிடுகிறோம். பாளையங்கோட்டையில் இயன்முறை மருத்துவம் பார்க்கத் தொடங்கிய புதிதில் நானும் அப்படித்தான் போட்டேன். பிள்ளை சொன்னதைத்தான் செய்தது.

ஒரு மூட்டினை, மற்ற மூட்டுகளையும் இழுத்துக்கொள்ளாமல் தனியே அசைக்க முடிகிறதா என்று பார்ப்பதுதான் ‘ஸ்கேல்’ சோதனை. லாஸ் ஏஞ்சலிஸில் ஐலீன் ஃபவுலர் குழுவினர் உருவாக்கி 2009-இல் வெளியிட்டது. இடுப்பு, முழங்கால், கணுக்கால், அதற்குக் கீழே பாதத்தை உள்ளும் வெளியும் திருப்பும் மூட்டு, விரல்கள் என ஐந்து இடங்கள்; ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2. தனியே அசைக்கவே முடியாவிட்டால் 0, குறையோடு வந்தால் 1, சரியாக வந்தால் 2. ஒரு காலுக்கு மொத்தம் 10.

வாயால் சொல்வதற்கு முன் பிள்ளையின் பாதத்தை நம் கையால் பிடித்து மேலும் கீழும் அசைத்துக் காட்ட வேண்டும். எதைக் கேட்கிறோம் என்று அதற்குப் புரியும். மூட்டு எவ்வளவு தூரம் வளைகிறது என்று நமக்கும் தெரியும். கெண்டைத்தசை சுருங்கிப்போன பிள்ளையிடம் முழு வீச்சை எதிர்பார்க்கக் கூடாது. நம் கைக்கு வந்த வீச்சில் பாதியாவது தானாக வருகிறதா என்பதே கணக்கு.

கணுக்காலைச் சோதிக்கையில் முழங்கால் நீண்டிருக்க வேண்டும். பலரும் தவறவிடும் இடம் இது. முழங்காலையும் இடுப்பையும் மடக்கும்போது பாதமும் கூடவே எழுந்துவிடும். அது கொத்தாக வரும் அசைவு. அதைக் கட்டுப்பாடு என்று எண்ணிவிடாதீர்கள். தொடையின் பின்தசை இறுகி, காலை நீட்ட முடியாத பிள்ளையைக் கையைப் பின்னே ஊன்றிச் சாய்ந்து உட்காரச் சொல்லலாம்.

மூன்று எண்ணுவதற்குள் அசைவு முடிய வேண்டும். அவசரத்தில் நம் எண்ணிக்கை ஓடிவிடும், கவனம். கால்சட்டையை மடித்து, காலணியையும் காலில் கட்டும் தாங்கியையும் இரண்டு கால்களிலும் கழற்றிவிடுங்கள். வலது பாதத்தை அசைக்கச் சொன்னால் இடது பாதமும் கூடவே அசைவதுண்டு. அப்படி அசைந்தால் 2 கிடையாது. பக்கத்தில் இருக்கும் ஆச்சி பாசத்தில் தொடையைப் பிடித்துக் கொடுப்பாள். அவளைச் சற்றுத் தள்ளி உட்காரச் சொல்வதில் தவறில்லை.

இறுக்கம் வேறு, கட்டுப்பாடு வேறு. இறுக்கத்தைக் குறைக்கும் ஊசி போட்டுத் தசை தளர்ந்த பிறகும் பாதம் தானாக மேலே வராத பிள்ளைகள் உண்டு.

கடையத்திலிருந்து பஸ் மாறி வந்து இறங்கிய பிள்ளையை உடனே மேசையில் ஏற்றாதீர்கள். பசியிலும் அழுகையிலும் இறுக்கம் கூடும். நான்கு வயதாகாத பிள்ளைக்குக் கட்டளை பெரும்பாலும் விளங்காது. அப்போது ‘சோதிக்க இயலவில்லை’ என்று எழுதுங்கள், 0 என்று எழுதாதீர்கள். எழுதிய சுழியம் கோப்பிலேயே கிடந்து, அறுவைச் சிகிச்சை பற்றிப் பேசும் நாளில் எலும்பு மருத்துவர் கைக்குப் போய்ச் சேரும்.