கைக்கருவி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பானரைக் கையில் எடுத்ததும் எந்த நாட்டில் செய்தது என்று தேடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. ஒரே தொழிற்சாலை மூன்று கம்பெனிகளுக்கு மூன்று தரத்தில் ஸ்பானர் அடித்துக் கொடுக்கும். எந்த உருக்கு, எவ்வளவு கடினம், ஒரு லாட்டில் (ஒரே தடவையில் செய்த தொகுதியில்) எத்தனை பழுது வரை ஏற்கலாம் என்பதெல்லாம் பெயர் பொறிக்கும் கம்பெனி ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டவை. சரக்கு சரியில்லை என்றால் “வெளிநாட்டில் சொதப்பிவிட்டார்கள்” என்று அவர்கள் கைவிரிக்க முடியாது.

அடுத்தது, ‘குரோம் வனேடியம்’ என்ற பொறிப்பை நம்பி வாங்குவது. அது உருக்கின் வகையை மட்டும்தான் சொல்லும். கருவி உழைப்பது, அந்த உருக்கை எப்படிக் காய்ச்சித் தோய்த்து, மறுபடி எவ்வளவு சூடாக்கிப் பதப்படுத்தினார்கள் என்பதைப் பொறுத்தது. ஸ்க்ரூடிரைவரில் மாட்டும் முனையான பிட்டுக்கு, உருக்கின் கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 60-ஐ ஒட்டிய கடினம் வேண்டும். ஸ்பானருக்கு 40-களில் இருந்தால் போதும். கடினம் குறைந்த பிட்டின் முனை மழுங்கி முறுக்கிக்கொள்ளும், மிஞ்சினால் சில்லாகத் தெறிக்கும். வீட்டிலேயே சோதிக்கலாம்: பிட்டின் அடிப்பகுதியில் நல்ல அரத்தை லேசாக ஓட்டுங்கள். வழுக்கிப் போனால் சரி, சுலபமாகத் துருவினால் அந்த செட்டைத் திருப்பிக் கொடுங்கள்.

பளபளப்பைப் பார்த்து மயங்கி, நட்டைப் பிடிக்கும் ஸ்பானர் வாயை அளக்காமல் விடுகிறார்கள். 13 மி.மீ. ஸ்பானரின் வாயை வெர்னியரில் வைத்துப் பாருங்கள், 13.3-ஐத் தாண்டினால் இறுகிய நட்டின் மூலைகளை அதுவே தேய்த்துவிடும். குரோம் பூசிய சாதாரண சாக்கெட்டை இம்பாக்ட் ரெஞ்சில் (அடித்து அடித்துத் திருகும் இயந்திரத்தில்) மாட்டவே கூடாது. உடைந்து சிதறினால் கண் போகும், உத்தரவாதமும் செல்லாது. அதற்கென்று சுவர் தடித்த, கருப்பு நிற சாக்கெட் தனியாக உண்டு.

மின்சார வேலைக்கு பிளாஸ்டிக் கைப்பிடி போதும் என்று நினைப்பது உயிருக்கே ஆபத்து. இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் கருவியின் மேலேயே இருக்க வேண்டும். அட்டைப்பெட்டியில் இருப்பது கணக்கில்லை. மின்வேலைக் கருவிகளுக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 60900-படி அந்தக் கருவிகளை 10,000 வோல்ட்டில் சோதிக்கிறார்கள்.

‘வாழ்நாள் உத்தரவாதம்’ என்பதைப் படிக்காமல் நம்பாதீர்கள். பிளேடு, பிட், இறுக்கத்தை அளந்து திருகும் டார்க் ரெஞ்ச் பெரும்பாலும் அதில் அடங்காது. அனுப்பும் செலவு யாருடையது, உங்கள் நாட்டில் பொறுப்பேற்கும் இறக்குமதியாளரின் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். முகவரியே இல்லையென்றால் அந்த உத்தரவாதம் வெறும் காகிதம்தான்.

உடைந்த கருவியைத் தூக்கி எறிவதும், முறிந்த இடத்தைத் தேய்த்துச் சரிசெய்வதும் இன்னொரு தவறு. பதம் பிசகியதா, பழைய விரிசலா என்பதை முறிவு முகம்தான் காட்டும். அதையும் பொறிக்கப்பட்ட லாட் எண்ணையும் படமெடுத்து ரசீதோடு கம்பெனிக்கு அனுப்புங்கள். “மாற்றித் தருகிறோம்” என்று பதில் வந்தால், அதே லாட்டில் மற்றவர்கள் வாங்கியதை என்ன செய்யப்போகிறீர்கள் என்றும் எழுதிக் கேளுங்கள்.