நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு மனு எழுதுவது எப்படி?

நிலைக்குழு என்பது அமைச்சகங்களின் கொள்கைகளையும் மசோதாக்களையும் ஆராயும் எம்.பி.க்கள் குழு. முதலில் உங்கள் விஷயத்துக்குச் சரியான குழுவைப் பிடியுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் கிராமப் பிரிவு ஊரக வளர்ச்சிக் குழுவிடம் போகும். நகர்ப்புறப் பிரிவுதான் வீட்டுவசதிக் குழுவுக்கு. மீன்வளத்தைப் பார்ப்பது வேளாண்மைக் குழு. அதிலும் 12 கடல் மைலுக்குள் மீன்பிடிப்பு மாநில அதிகாரம் என்பதால், அதற்கு அப்பால் மத்திய அரசின் கீழ் வரும் ஆழ்கடல் விஷயத்தைத் தனியாகப் பிரித்து எழுதுங்கள்.

அன்றாட நிர்வாகத்தைக் குழு விசாரிக்காது. "எனக்குத் தவணை வரவில்லை" என்பது மாவட்ட அலுவலகத்துக்கான புகார். "சமவெளியில் கிராம வீட்டுக்கு அரசு தரும் 1.20 லட்சம் ரூபாய் போதாது" என்று செங்கல், கம்பி, கூலிக் கணக்கோடு எழுதினால் அது கொள்கைக் கேள்வி, குழுவின் வேலையே அதுதான்.

மசோதா என்றால் பிரிவு எண், இப்போதைய வாசகம், நீங்கள் கேட்கும் வாசகம், காரணம் என்ற வரிசையில் எழுதுங்கள். கருத்துக் கேட்டுக் குழு வெளியிடும் விளம்பரத்தில் சொன்ன மொழி (வழக்கமாக ஆங்கிலம் அல்லது இந்தி), பிரதிகளின் எண்ணிக்கை, கடைசி நாள் மூன்றையும் அப்படியே பின்பற்றுங்கள். நேரில் சாட்சியம் சொல்ல விருப்பமிருந்தால் மனுவிலேயே குறிப்பிடுங்கள்; அழைப்பதா என்பது குழுவின் முடிவு. அனுப்பிய மனு குழுவின் ரகசிய ஆவணமாகிவிடும், ஆகவே அதை வெளியிடாதீர்கள்.

குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. ஆனால் மூன்று மாதத்துக்குள் அரசு பதில் சொல்ல வேண்டும். பிறகு, அந்தப் பதில்களை ஆராய்ந்து குழு வெளியிடும் நடவடிக்கை அறிக்கையில் நான்காம் அத்தியாயத்தை அவசியம் படியுங்கள்: குழு ஏற்க மறுத்த அரசின் பதில்கள் அங்கேதான் இருக்கும். அடுத்த மனுவுக்கு வலுவான பிடி அதுவே.