மோர்ஸ் காண்டெஸ்ட்ல நம்பரை கட் பண்ணி அனுப்புறது எப்படி? புதுசா வர்றவங்களுக்கு

ஹாம் ரேடியோவுல முதல் தடவை சிடபிள்யூ (மோர்ஸ் கோட்) காண்டெஸ்ட், அதாவது குறிச்ச நேரத்துக்குள்ள நிறைய ஸ்டேஷனோட காண்டாக்ட் போடுற போட்டி, கேக்குறவங்க எல்லாருக்கும் ஒரு டவுட் வரும், என்னடா எல்லாரும் 5 அடிச்சுட்டு உடனே 'என் என்'னு அடிக்கிறாங்கன்னு. அது வேற ஒண்ணுமில்ல, 599தான், 'உங்க சிக்னல் நல்லா கேக்குது'ங்கிற ரிப்போர்ட். நம்பரை இப்படி சின்ன எழுத்தா சுருக்குறதைத்தான் கட் பண்றதுன்னு சொல்றோம்.

மோர்ஸ்ல எந்த நம்பரா இருந்தாலும் அஞ்சு குறி, டிட்னா குட்டி ஒலி, டான்னா நீள ஒலி. 9ன்னா நாலு டா ஒரு டிட், 0ன்னா அஞ்சுமே டா, இழுத்துக்கிட்டே போகும். ஒரு டிட்டோட நீளம் 1, டா 3ன்னு வச்சு, நடுவுல வர்ற இடைவெளியையும் சேத்து கூட்டிப் பாருங்க, 599க்கு 49 வரும், 5என்என்க்கு வெறும் 25. நிமிஷத்துக்கு 25 வார்த்தை ஸ்பீடுல ஒரு டிட் 48 மில்லி செகண்ட், அப்போ ஒவ்வொரு தடவையும் ஒரு செகண்டுக்கு மேல மிச்சம், ஆயிரம் காண்டாக்ட் போடுறவருக்கு அதுவே கால் மணி நேரத்தைத் தாண்டிடும்.

ஸ்டெப் 1: டேபிள் எதையும் மனப்பாடம் பண்ணாதீங்க, ரூல் ஒண்ணுதான். நம்பர்ல வரிசையா வர்ற டா எல்லாத்தையும் ஒரே டாவா ஆக்கிடுங்க. 1 (டிட் டா டா டா டா) சுருங்கினா டிட் டா, அதாவது ஏ (A). இதே மாதிரி 2 யு (U), 3 வி (V), 7 பி (B), 8 டி (D), 9 என் (N), 0 டீ (T). 4லயும் 6லயும் ஏற்கெனவே ஒரே டாதான் இருக்கு, சுருக்க ஒண்ணுமில்ல. 5 மட்டும் தனி கேஸ், அஞ்சு டிட்டுக்கு பதிலா ஒரே டிட், ஈ (E).

ஸ்டெப் 2: அனுப்புறப்ப என், டீ ரெண்டோட ஆரம்பிங்க, பழகினதும் ஏ சேத்துக்கலாம். யு, வி, பி எல்லாம் போட்டு அடிக்கிறது என்னைக் கேட்டா வெட்டி பந்தா, எதிர்ல இருக்கவர் முழிப்பார். ஆனா காதுக்கு எல்லாமே தெரிஞ்சிருக்கணும், ஏன்னா யார் எதை அனுப்புவாங்கன்னு சொல்ல முடியாது.

ஸ்டெப் 3: எந்த காண்டெஸ்ட்ல என்ன வரும்னு முன்னாடியே பாத்துக்கோங்க. நவம்பர்ல வர்ற சிக்யூ வேர்ல்ட் வைட்ல ரிப்போர்ட்டும் ஸோனும் (உலகத்தைப் பிரிச்சு வச்சிருக்க மண்டலத்தோட நம்பர்), இந்தியான்னா 22, அதை அப்படியே முழுசா அடிங்க. ஜெர்மனிக்காரர் 14ஐ 'ஏ4'னு அனுப்பலாம். மே மாசம் டபிள்யூபிஎக்ஸ்ல சீரியல் நம்பர் (எத்தனாவது காண்டாக்ட்ங்கிறது), 009 வந்தா 'டீடீஎன்'. பிப்ரவரில ஏஆர்ஆர்எல் டிஎக்ஸ்ல நம்ம மாதிரி வெளிநாட்டு ஸ்டேஷன் பவரைச் சொல்லணும், 100 வாட்ஸ்னா 'ஏடீடீ'.

ஸ்டெப் 4: பேப்பர்ல 1லேருந்து 200 வரைக்கும் இஷ்டத்துக்கு நம்பர் எழுதி கட் பண்ணி கீயர்ல (மோர்ஸ் அடிக்கிற கருவி) அடிச்சு ரெக்கார்ட் பண்ணுங்க, மறுநாள் அதைக் கேட்டு எழுதிப் பாருங்க. எழுதுறப்ப 'ஏடீஎன்'னு எழுதாம நேரா 109னே எழுதணும், லாக்லயும் (காண்டாக்ட் எழுதி வைக்கிற பதிவு) அப்படித்தான் போகணும்.

கால்சைன்ல (ஸ்டேஷனோட அடையாளப் பேர்) இருக்க நம்பரை மட்டும் எக்காரணம் கொண்டும் கட் பண்ணாதீங்க, அது வேற ஸ்டேஷன் ஆயிடும். அப்புறம் எதிராளி 'என்ஆர்?' (நம்பர் என்ன?)னு திருப்பிக் கேட்டா, கட் பண்ணாம முழு நம்பரையே கொஞ்சம் ஸ்பீடைக் குறைச்சு ரெண்டு தடவை அடிச்சிடுங்க.