சபை வாட்ஸ்அப் குழுவுக்கு நாலு வரி விதி

எங்கள் சபைக் குழுவில் ஒருமுறை ஒருவருடைய ஆபரேஷன் விவரம் ‘ஜெபக் குறிப்பு’ என்று ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வந்துவிட்டது. அவருடைய சம்பந்தி வீட்டுக்கே அதுவரை தெரியாது! அப்புறம்தான் சபை நிர்வாகத்தைக் கவனிக்கும் சேகர கமிட்டி உட்கார்ந்து விதி எழுதியது.

முதலில் குழுவை இரண்டாகப் பிரியுங்கள். அறிவிப்புக் குழுவில் அட்மின்கள் மட்டும் செய்தி அனுப்பும்படி செட்டிங்ஸில் மாற்றிவிட்டால், ஆராதனை நேரமும் அடக்க ஆராதனைத் தகவலும் ‘குட் மார்னிங்’ படங்களுக்குள் புதைந்துபோகாது. ஜெபக் குறிப்புக்குத் தனிக் குழு. அதிலும் சம்பந்தப்பட்டவரிடமோ வீட்டாரிடமோ கேட்ட பிறகே போட வேண்டும். “நம் சபைச் சகோதரி ஒருவரின் சுகத்துக்காக” என்றாலே போதும், நோயின் பெயர் எதற்கு?

மனஸ்தாபம் என்றால் மத்தேயு 18:15 சொல்கிறபடி முதலில் அவரிடம் தனியாகப் போய்ப் பேசுவது, குழுவில் கொட்டுவதில்லை. கமிட்டித் தேர்தல் நெருங்கும்போது இந்த விதியைத்தான் அடிக்கடி நினைவூட்ட வேண்டியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, ஸ்மார்ட்போன் இல்லாத பாட்டிமார்? முக்கியமான செய்தி ஞாயிறு ஆராதனை அறிவிப்பிலும் ஆலய நோட்டீஸ் போர்டிலும் கட்டாயம் வரட்டும்.